நிலையைத் தட்டிப் பாருங்கள்!
கிராமத்து வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் கரையானைக் கண்டறிந்து தடுக்கும் வழிகள்

எங்கள் ஊர் வீட்டின் பின்கட்டை ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஒரு கோடையில் அந்த வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, கொல்லைக் கதவின் நிலையோரம் பென்சில் தடிமனில் ஏறியிருந்த மண் கோட்டைக் காட்டினார். “துடைக்கத் துடைக்க மறுபடியும் வருதுங்க” என்றார். “கரையான்தாங்க, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சுடுங்க” என்று சொல்லிவிட்டு நான் வயலுக்குப் போய்விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோதுதான் நிலைமை தெரிந்தது. பீரோவை வெளியே எடுக்கும்போது இடித்ததில் நிலையின் அடிப்பாகம் அப்பளம்போல நொறுங்கியது. மேலே பெயின்ட் மட்டும் நின்றது. உள்ளே மரமே இல்லை. சுவரோரமாகவே ஏறிப் போன தடம் பரண்வரை சென்றிருந்தது. பரணில் அப்பா வைத்திருந்த மரப்பெட்டியைத் திறந்தால், பழைய பத்திரங்கள் ஈர மண்ணாகக் கிடந்தன. நிலை செலவை அட்வான்ஸில் கழிக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. “நாங்க அப்பவே சொன்னோமே” என்றார் அந்த அம்மா, அவ்வளவுதான். அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்தோம். பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுக்க அலைந்தது தனிக்கதை.

வயலில் ஒரு பூச்சியைப் பார்த்தால் மறுநாளே மருந்துக் கடைக்கோ வேளாண் அலுவலரிடமோ போகிற நாம், வீட்டில் ஏறும் மண் கோட்டை விளக்குமாற்றால் தட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்தத் தவறை மற்றவர்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

வீட்டுக்குள் எப்படி வருகிறது?

கரையானுக்கு வேண்டியவை இரண்டு: ஒன்று, மரம், தாள், வைக்கோல், துணி போன்றவற்றில் உள்ள நார்ச்சத்து. மற்றொன்று, ஈரம். அதன் உடல் மென்மையானது. வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டி, அதற்குள்ளேயே நடமாடுகிறது. நாம் பார்க்கும் மண் கோடு கரையானின் வீடு அல்ல, அது போகும் பாதை மட்டுமே. புற்று தரைக்கு அடியிலோ, கொல்லையிலோ, பக்கத்து வரப்பிலோகூட இருக்கலாம். அங்கே ராணி நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். பாதையைத் துடைப்பதால் புற்றுக்கு எந்தச் சேதமும் இல்லை. இரண்டொரு நாளில் புதுப் பாதை கட்டிவிடும்.

கான்கிரீட் வீட்டுக்குக் கரையான் வராது என்று பலர் நினைக்கிறார்கள். கான்கிரீட்டை அது தின்னாதுதான். ஆனால் தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள மெல்லிய விரிசல், தண்ணீர்க் குழாய் நுழையும் ஓட்டை, டைல்ஸ் இடுக்கு, சுவருக்குள் போகும் ஒயரிங் குழாய் ஆகியவையே அதற்கு வழி. பேஸ்மட்டத்தை நிரப்பும்போது மண்ணோடு சேர்ந்து போன மரவேர், சென்ட்ரிங் பலகைத் துண்டு, சிமென்ட் சாக்கு எல்லாம் அடியில் கிடந்து அதற்குத் தீனியாகின்றன.

கிராமத்து வீட்டில் இன்னும் சில வசதிகளை நாமே செய்து தருகிறோம். சுவரை ஒட்டி விறகு அடுக்குவது, வைக்கோல் போரைத் தொழுவத்துச் சுவரில் சாய்த்துப் போடுவது, வறட்டியும் தேங்காய் மட்டையும் பின்சுவரோரம் குவிப்பது, குளியலறைத் தண்ணீரைச் சுவரடியிலேயே விடுவது போன்றவைதான் கரையானுக்கு நாம் வைக்கும் வரவேற்பு.

ஆண்டுக்கு இரண்டு முறை சோதனை

ஆண்டுக்கு இரண்டு முறை வீட்டைச் சோதித்தால் போதும். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்குப் பிறகு ஒரு முறை. போகிக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு முறை. ஒரு டார்ச் லைட்டும், ஒரு பழைய திருப்புளியும் இருந்தால் அரை மணி நேர வேலை.

முதலில் வீட்டைச் சுற்றி வாருங்கள். பேஸ்மட்டத்தின் மேல் மண் கோடு ஏறுகிறதா என்று நான்கு பக்கமும் பாருங்கள். அடுக்கி வைத்த பொருள்களின் பின்புறம்தான் முக்கியம்.

உள்ளே வந்ததும் ஒவ்வொரு நிலையின் அடியிலிருந்து ஒரு அடி உயரம்வரை திருப்புளியின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று கெட்டியாகச் சத்தம் தரும். தின்றுவிட்ட மரம் ‘பொத்’ என்று காலியாக ஒலிக்கும். சந்தேகம் வந்தால் திருப்புளி முனையால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் கரையான் வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து, சுவர் அலமாரியின் பின்பக்கம், சமையலறைத் தொட்டியின் அடியில் உள்ள பலகை, சுவிட்ச் போர்டு மரப்பெட்டி, சாமி படங்களின் பின்புறம், பரணில் உள்ள சாக்கு மூட்டைகள், புத்தகப் பெட்டிகள். ஓட்டு வீடென்றால் கைமரமும் ரீப்பரும் சுவரில் உட்காரும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். மேலிருந்து மழைநீர் கசியும் இடத்தில்தான் சேதம் அதிகம் இருக்கும். உத்தரமோ கைமரமோ உள்ளே காலியானால் போவது பொருள் மட்டுமல்ல. ஓடு தலையில் விழும்.

மண் கோடு தெரிந்தால் முழுவதையும் துடைத்துவிடாதீர்கள். நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு, அந்த இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். மூன்று, நான்கு நாளில் அந்த இடம் மறுபடி மூடப்பட்டிருந்தால் கரையான் இப்போதும் நடமாடுகிறது. உடைத்தது உடைத்தபடியே இருந்தால் பழைய தடமாக இருக்கலாம். ஆனாலும் ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஈசலும் ஒரு தகவல்தான். மழை விட்ட மாலையில் வெளியிலிருந்து விளக்குக்கு வரும் ஈசல் எங்கும் உண்டு. ஆனால் வீட்டுக்குள் சுவர் இடுக்கிலிருந்தோ நிலையோரத்திலிருந்தோ ஈசல் புறப்பட்டால், அல்லது காலையில் ஜன்னல் திண்டில் உதிர்ந்த சிறகுகள் குவிந்து கிடந்தால், வீட்டிலேயே கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். சிறகு முளைத்த எறும்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன்சிறகு பெரிதாகவும் பின்சிறகு சிறிதாகவும் இருக்கும். ஈசலுக்கு இடுப்பு இல்லை. நான்கு சிறகும் ஒரே அளவு.

எல்லாத் தூளும் கரையான் அல்ல

மரத்தடியில் தூள் கொட்டினால் அது எப்படிப்பட்ட தூள் என்று பாருங்கள். மண்ணும் ஈரமுமாக இருந்தால் மண்ணிலிருந்து வரும் கரையான். கசகசா போன்ற காய்ந்த துகளாக உதிர்ந்தால், மண் தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கரையான். மைதா மாவு போல நைசாக உதிர்ந்து, மரத்தில் ஊசி முனை ஓட்டைகள் இருந்தால் அது மரத்தைத் துளைக்கும் வண்டு. பின்னிரண்டுக்கும் தரையில் மருந்து ஊற்றுவது வீண். பாதித்த மரத்தை அகற்றுவதும், மரத்துக்கே மருந்து செலுத்துவதும்தான் வழி. பணத்தைச் செலவழிப்பதற்கு முன் எது என்று தெரிந்துகொள்வது பாதி வேலை.

மருந்து அளவு: இங்கேதான் ஏமாறுகிறோம்

கட்டடங்களில் கரையான் தடுப்புக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 6313 என்ற தர வழிகாட்டியை வைத்திருக்கிறது. கட்டுமான முறை, கட்டும்போது செய்யும் மருந்துச் சிகிச்சை, கட்டி முடித்த வீட்டுக்கான சிகிச்சை என்று அது மூன்று பகுதிகளாக உள்ளது.

இதற்குப் பயன்படும் மருந்துகளில் முக்கியமானவை மூன்று. இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் எஸ்.சி. என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. பைபென்த்ரின் 2.5 சதவீதம் இ.சி. என்றால் லிட்டருக்கு 20 மில்லி. குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் இ.சி. என்றால் ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு தண்ணீர். குளோர்பைரிபாஸில் நெடி அதிகம். இமிடாகுளோபிரிட்டில் நெடி இல்லை. கரையானுக்கும் அது தெரியாது. மருந்து பட்ட மண்ணில் நடந்து கூட்டத்துக்கும் கொண்டுபோய்விடும். எதை வாங்கினாலும் லேபிளில் ‘கட்டடக் கரையானுக்கு’ என்று இருக்கிறதா என்று பார்த்து, அதில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும். வயலுக்கு வாங்கி மிச்சம் வைத்திருக்கும் 17.8 சதவீத இமிடாகுளோபிரிட் வேறு தயாரிப்பு. அது இதற்கு அல்ல. பி.எச்.சி. தூள், ஆல்ட்ரின் போன்றவற்றைப் பெரியவர்கள் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள். அவை தடை செய்யப்பட்டவை. பழைய டப்பா கிடந்தாலும் தொடாதீர்கள்.

கட்டி முடித்த வீட்டில் மூன்று இடங்களில் மருந்து போக வேண்டும்.

வெளிச்சுவர்: சுவரை ஒட்டி அரை மீட்டர் ஆழத்துக்குச் சிறு பள்ளம் எடுத்து, சுவரடி மண் நனைய மருந்துக் கரைசல் ஊற்றி மூட வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் சுவர்ப் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் என்பது கணக்கு.

உட்தளம்: தரையும் சுவரும் சேரும் மூலையோரம் ஒரு அடிக்கு ஒன்று வீதம் 12 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு 1 லிட்டர் கரைசல் செலுத்தி, பிறகு சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும்.

நிலை, ஜன்னல் சட்டம்: மரமும் சுவரும் சேரும் இடத்தில் அரை அடிக்கு ஒன்று வீதம் 6 மில்லிமீட்டர் ஓட்டையைச் சாய்வாகக் கீழ்நோக்கிப் போட்டு, ஓட்டைக்கு அரை லிட்டர் செலுத்த வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 30 அடிக்கு 20 அடி வீடு என்றால் சுற்றளவு 100 அடி, அதாவது சுமார் 30 மீட்டர். அரை மீட்டர் ஆழம் என்றால் 15 சதுர மீட்டர். வெளிப்புறத்துக்கு மட்டும் 110 லிட்டருக்கு மேல் கரைசல் வேண்டும். உள்ளே 12 அடிக்கு 10 அடி அறை ஒன்றுக்கு 40 ஓட்டைக்கு மேல், 40 லிட்டருக்கு மேல். எனவே, முதுகில் ஒரு பம்ப்போடு வந்து, சுவரில் மேலாக அடித்துவிட்டு, ஐந்து வருட கேரண்டி என்று சொல்லிப் போனால், அது கரையான் சிகிச்சை அல்ல. கம்பெனியிடம் வேலை கொடுக்கும்போது உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து, எத்தனை லிட்டர் கரைசல், எத்தனை ஓட்டை, கரையான் திரும்ப வந்தால் யார் செலவு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்துப் பாட்டிலின் சீலை உங்கள் முன்னால் உடைத்துக் கலக்கச் சொல்லுங்கள். ஓட்டை போடும் இடத்தில் தண்ணீர்க் குழாயும் ஒயரிங்கும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கிணறு இருக்கும் வீட்டில் கவனம்

நம் வீடுகளில் கொல்லையிலேயே கிணறும் போரும் இருக்கும். குடிக்கிற தண்ணீரில் மருந்து கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேற்சொன்ன தர வழிகாட்டியே எச்சரிக்கிறது. கிணற்றை ஒட்டிய சுவரில் பள்ளம் எடுத்து மருந்து ஊற்றாதீர்கள். அந்தப் பக்கத்துக்கு மரத்தில் மட்டும் மருந்து செலுத்துவது, விரிசலை அடைப்பது, ஈரத்தைக் குறைப்பது போன்ற வழிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழை நாளிலும், மண் சொதசொதவென்று இருக்கும்போதும் வேலை வைக்கக் கூடாது. மருந்து வழிந்து ஓடிவிடும். பைபென்த்ரின் மீனுக்குக் கடும் விஷம். குட்டை, வாய்க்கால் பக்கம் போகக் கூடாது.

கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் கலக்க வேண்டாம். குழந்தைகள், ஆடு மாடு, கோழிகளை அன்று அப்புறப்படுத்துங்கள். நெல், பருப்பு, தீவன மூட்டைகளை முன்பே எடுத்துவிடுங்கள். காலிப் பாட்டிலைத் தண்ணீர் மொள்ளவோ எண்ணெய் ஊற்றவோ வைக்காதீர்கள். யாருக்காவது மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் 108-ஐ அழைத்து, மருந்துப் பாட்டிலை லேபிளோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

புது வீடு கட்டுகிறீர்களா?

கட்டும்போது செய்வதுதான் செலவு குறைவானது, பலன் அதிகமானது. கடைக்கால் பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பிக் கெட்டித்த பிறகு, தளம் போடுவதற்கு முன் மேல்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், சுவரோரம் நிரப்பும் மண்ணில் சுவர்ப் பரப்பின் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் என்பது அளவு. ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தின் 360 சதுர அடி வீட்டுக்குத் தளத்தடி மண்ணுக்குச் சுமார் 167 லிட்டர் கரைசல் வரும். இமிடாகுளோபிரிட் 30.5 என்றால் 350 மில்லி மருந்து. வீட்டுச் செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது. மருந்து ஊற்றிய மண்ணை அதற்குப் பிறகு கிளறக் கூடாது. கிளறினால் அந்த இடத்தில் தடுப்பு அறுந்துவிடும்.

நிரப்பும் மண்ணில் வேர், மட்டை, பலகைத் துண்டு எதுவும் போகக் கூடாது. நிலைக்குத் தேக்கு, வேங்கை, முற்றிய வேம்பு, பனையின் வைரம் ஆகியவை தாங்கும். ஆனால் எந்த மரமானாலும் வைரத்தைச் சுற்றியுள்ள வெளுத்த பகுதியைக் கரையான் விடாது. “தேக்குதானே” என்று வெள்ளை ஓடிய சட்டத்தை வாங்கி ஏமாற வேண்டாம். மா, இலவம் போன்ற மென்மரங்களைத் தரையோடு சேரும் இடத்தில் வைக்காதீர்கள்.

கீற்றுக் கொட்டகைக்கும் தொழுவத்துக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எளிய வழி சொல்கிறது. முடைந்த கீற்றில் மயில்துத்தம் 1 சதவீதக் கரைசல், வேப்பெண்ணெய் 5 சதவீதம், வேப்பங்கொட்டைச் சாறு 20 சதவீதம், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் 80 சதவீதம் ஆகியவற்றில் ஒன்றைத் தெளித்தால் கரையான் அண்டாது. முந்திரி எண்ணெய் கையில் பட்டால் புண்ணாகும், கையுறை அவசியம். தென்னையில் அடிமரத்தில் 2 மீட்டர் உயரம்வரை 5 சதவீத வேப்பெண்ணெய்க் கரைசலைத் தடவுவதும் அதே பரிந்துரைதான்.

புற்றை என்ன செய்வது?

வீட்டை ஒட்டிப் புற்று இருந்தால், கடப்பாரையால் பல இடங்களில் துளையிட்டு மருந்துக் கரைசலை ஊற்ற வேண்டும். ஒரு கன மீட்டர் அளவுள்ள புற்றுக்கு 4 லிட்டர் என்பது கணக்கு. துளையிடும்போது பாம்பு இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். சாமி கும்பிடும் புற்று என்றால் அதைத் தொட வேண்டியதில்லை. வீட்டுச் சுவரடியில் தடுப்புப் போட்டால் போதும். வயலிலும் தோப்பிலும் தூரத்தில் இருக்கும் புற்றுகளை எல்லாம் தேடி அழிப்பதும் தேவையில்லாதது. காய்ந்த சருகையும் வேரையும் மண்ணோடு மண்ணாக்குவது கரையான்தான். பயிரைத் தொடாதவரை அது நம் வேலையாள்.

வாடகை வீடு: யார் பொறுப்பு?

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்பார்கள். வாடகை வீட்டில் கதை தலைகீழ். மனிதர் குடியேறிய பிறகு கரையான் வந்து சேர்கிறது. வந்த பிறகு உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், குடியிருப்பவரால் ஏற்பட்ட சேதம் நீங்கலான கட்டமைப்புப் பழுதுகளை உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. நியாயமும் அதுதான். மண்ணும் சுவரும் நிலையும் வீட்டுக்காரருடையவை. ஆனால் தினமும் அந்தச் சுவரைப் பார்ப்பவர் குடியிருப்பவர். பார்த்ததைச் சொல்வது அவர் கடமை. சொன்னதும் வந்து பார்ப்பது வீட்டுக்காரர் கடமை.

கிராமத்தில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். குறைந்தது நான்கு வரியாவது எழுதிக்கொள்ளுங்கள். கரையான் மருந்துச் செலவு உரிமையாளருடையது. அறிகுறி தெரிந்தால் ஒரு வாரத்துக்குள் குடியிருப்பவர் தெரிவிக்க வேண்டும். விறகும் அட்டைப்பெட்டியும் சுவரோரம் அடுக்கக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சாவி கொடுக்கும் அன்றே நிலைகள், அலமாரி, பரண் எல்லாவற்றையும் இருவரும் தட்டிப் பார்த்து, செல்போனில் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பி வைத்துக்கொண்டால், அட்வான்ஸ் திருப்பும் நாளில் மனக்கசப்பு வராது. குடிபோகிறவர்களும் பழைய மரக்கட்டில், அலமாரியை வண்டியில் ஏற்றுமுன் தட்டிப் பாருங்கள். உலர்மரக் கரையான் அதோடு புது வீட்டுக்கும் குடிவரும்.

பட்டா, பத்திரம், பள்ளிச் சான்றிதழ், நகைச் சீட்டு போன்றவற்றை மரப்பெட்டியில் வைக்காதீர்கள். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவிலோ இரும்புப் பீரோவிலோ, சுவரைத் தொடாமல் வையுங்கள். விதைநெல் மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள்.

எங்கள் பின்கட்டுக்கு இப்போது வேறொரு குடும்பம் வந்திருக்கிறது. கடந்த போகிக்கு முந்தின நாள், அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து, “மாமா, குளிக்கிற ரூம் சுவத்துல மண்ணு ஏறுது” என்றான். இந்த முறை கையிலிருந்த மண்வெட்டியைத் தொழுவத்தில் சாத்திவிட்டு, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு உடனே போனேன்.